மூன்றாம் இலக்கம்

பஞ்சிகாவத்தையில், இன்ஷாப் கடையில்,
கியர்ப்பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது அந்தச் சிலிண்டர்.
மட்டக்குளி பஸ்ஸொன்றின் கதவைப்
பதினொரு வருஷம் திறந்து மூடியதாம்.
"ஓட்ட ஒண்டும் இல்ல தங்கச்சி, ஊதிப் பாருங்க."
ஊதினேன். நாக்கில் துரு, கிரீஸ்,
ஏறி இறங்கிய கைகளின் வியர்வை என்று
நானாக நினைத்துக்கொண்ட ஒரு உப்பு.
நாலாயிரத்தில் தொடங்கி
இரண்டாயிரத்து எண்ணூறில் இறங்கினான்.

ஜம்பட்டா வீதியில், பின்வளவில்,
கார் இல்லாத கராஜ் எனக்கு.
பகலில் துறைமுகக் கந்தோரில் கொள்கலன் எண்ணுகிறவள்.
இரவில் பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டுகிறவள்.
மெஷினும் நானே பூட்டியது,
ஒரு பக்கம் இரண்டு மில்லிமீற்றர் சரிவோடு.

முன்பெல்லாம் ஒவ்வொரு அலகு மாற்றத்துக்கும்
அது நின்று என்னைக் கூப்பிடும்.
இரண்டு ஸ்பனர், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப.
பிறகு உயரம் பார்க்க ஒரு பஸ் டிக்கட்:
அலகுக்கும் பலகைக்கும் நடுவே அசைத்து அசைத்து,
காகிதம் மறுக்கிற இடத்தில் பூச்சியம்.

பெரிய அலகு வளைவுகளுக்கு.
கூர் அலகு விளிம்புகளுக்கு.
மூன்றாம் இலக்கம் புள்ளிக்கு.
அன்றிரவு ஒன்றரைக்கு அது மூன்றைக் கேட்டபோது
நான் நித்திரை.
விடிய, அவசரத்தில், கழற்றி வாணிஷ் பூசிக் கொடுத்துவிட்டேன்.
டொக்டர் யசோதினியின் வாசலில்
ஒரு மாதம் தொங்கியது:
பல வைததியர.
"நான் ஒருத்திதானே" என்று சிரித்தார் அவர்.
காசைக் குறைக்கவில்லை.
அதுதான் குத்தியது.

ஆகவே சிலிண்டர்.
ஸ்பிண்டிலின் நடுவே ஒரு இழுகம்பி.
அதில் முதுகும் வயிறுமாக அடுக்கிய
முப்பத்தாறு கிண்ணி வாஷர்கள்.
எப்போதும் மேலே இழுத்தபடி இருக்கும்.
பிடித்திருக்கக் கரண்ட் வேண்டாம், காற்று வேண்டாம்.
விடுவதற்குத்தான் காற்று,
அதுவும் ஆறு பார், அதுவும் நாலு மடங்கு நெம்புகோலோடு.
(இதை வாழ்க்கையில் பொருத்திப் பார்க்காதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
நெம்புகோலுக்குத் துளை போட்டேன்.)

முதல் கிழமை அலகுகள் விழுந்தன.
காலுக்குக் கீழே பழைய மெத்தை போட்டேன்.
இரண்டாம் கிழமை,
கூம்புக்குள் மயிரளவு பலாத்தூள் இருக்க,
'மூடியாயிற்று' என்றது சென்சர்.
நம்பினேன்.
தள்ளாடிய அலகு யாரோ ஒரு தமிழரசியின்
'ழ'வை வயிற்றோடு கிழித்தது.
இப்போது ஏறுமுன் ஒவ்வொன்றுக்கும்
கூம்பின் வாயில் ஒரு ஊதல்.

பார்க்க வேண்டும் நீங்கள்.
வெற்றுக் கவ்விக்கு முன் வந்து நிற்கும், பக்கவாட்டில் நுழையும்,
ஸ்ஸ்ஸ் என்று விடும், வெறும் வாயோடு எழும்பும்,
அடுத்ததன் தலைக்கு நேரே வந்து
மெல்லக் குந்தும்.
பஹின்ன, பஹின்ன என்கிறேன் எனக்குள்.
இறங்கிறவை முதலில்.
மேல்வீட்டுச் சின்னவள் செனுகி
அந்தச் சத்தத்துக்கு நித்திரையில் புரண்டு
'பஸ் எக ஆவா' என்கிறாளாம்.
அவள் தாய் முறைப்பாடாகத்தான் சொன்னாள்.
நான் நன்றி சொன்னேன்.

நேற்று, டொக்டருக்குப் புதுப் பலகை.
காசு வேண்டாம் என்றுவிட்டேன்.
பன்னிரண்டு ஐம்பதுக்கு எம் ஆறு, ரி மூன்று.
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்,
ஸ்பனர் ஒன்றில், ஏனென்று தெரியவில்லை.
போய் எடுத்தது.
அளவுக்கட்டையைத் தொட்டது.
ல் குனிந்தது, த் குனிந்தது,
கரண்ட் போய்விட்டது.

இருட்டில் தடவினேன்.
அலகு இருந்த இடத்திலேயே, இளஞ்சூடாக,
இழுத்தாலும் வராமல்.

கொம்பிரசர் பெட்டியில் உட்கார்ந்தேன்.
போன் வெளிச்சத்தில்
அவர் இன்னும் பல் வைத்தியர.
முடக்கில் கடைசி பஸ் நின்று
கதவைத் திறந்தது, ஸ்ஸ்ஸ்.
நான் மெஷினைத் திரும்பிப் பார்த்தேன்.